எட்டும் எட்டும்

உலான்பாத்தரில் ஜனவரி.
கதவுக் கைப்பிடி கடிக்கிற மாதம்.
கம்பளிச் சட்டையைக் கழற்றினால்
இருட்டில் நீலப் பொறி பறக்கும்.
பூனை மூக்கை நீட்டும், சுரீரென்று வாங்கிக்கொண்டு
கட்டிலுக்கடியில் போய்விடும்.
"இந்த மாசத்துலயா லேப்டாப்பைத் திறக்கப் போற?"
கேட்டுக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறக்கிறான்
கடைக்காரன் துவ்ஷின்ஜார்கல்.

காரணம் சொல்ல வெட்கம்.
கோபியில், சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான் ஹுயாக்.
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே.
அங்கே இருக்கும் இரவுகளில்
ஒரு விளையாட்டுக்குள்தான் சந்திப்பு.
கோட்டைக் கதவு திறக்கும்,
அவன் உள்ளே போய்விடுவான்.
நான் தூக்கிய கால் தூக்கியபடி
வாசலில் உறைந்து நிற்பேன்.
"வந்துட்டியா?" என்பான் காதில்.
"வர்றேன்."
இரண்டு குளிர்காலமாக இதே பேச்சு.
இருந்தது எட்டு ஜிபி.
எட்டு, எங்களுக்கு எட்டவில்லை.

துவ்ஷின் விரல் விட்டுச் சொன்னான்.
பழைய எட்டோடு ஒரு பதினாறு சேர்க்கலாம்,
எண்ணிக்கைக்கு இருபத்துநாலு,
"ஆனா ஒரே நுகத்துல பூட்டினா
வேகமானது மெதுவானதோட நடைக்கு வந்துடும்."
பதினாறு ஒன்றை மட்டும் போடலாம்,
"ஒத்தைக் கை. தட்டினா சத்தம் வராது."
முப்பத்திரண்டு?
என் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தான், சிரித்தான்.
"காலி ரூமுக்கு வாடகை குடுக்கப் போறியா?"

கடைசியில் எட்டும் எட்டும்.
ஒரே பெட்டியில் வந்தவை,
ஒரே வேகம், ஒரே பச்சை.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் துக்ரிக்.
கால்சென்டர் சம்பளத்தில் அது
ஒரு ஜோடி பூட்ஸ்.
காலைக் குனிந்து பார்த்தேன்.
அடிப்பாகம் இன்னும் வாய் பிளக்கவில்லை.

வீட்டில், வெந்நீர்க் குழாயைத் தொட்டேன்.
தொட்டுவிட்டு ஒரு திருகு.
மறுபடி தொட்டுவிட்டு இன்னொன்று,
கோயிலில் கும்பிடுகிறவள் மாதிரி.
பத்துத் திருகு கழற்றியும் மூடி அசையவில்லை,
பதினொன்றாவது ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தது.
சாய்த்துச் செருகி, அழுத்தி,
ணக்.
இன்னொரு ணக்.

பொத்தானை அமுக்கினேன். விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
கொன்றுவிட்டேன். பூட்ஸையும் சேர்த்து.
துவ்ஷின் சொல்லியிருந்தான்,
முதல் தடவை அது தன்னைத் தானே அளந்து பார்க்கும்,
அவசரப்பட்டு அணைக்காதே என்று.
கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு
மேலே உட்கார்ந்துகொண்டேன்.
ரேமுக்கு நினைவகம் என்று பேர் வைத்தவர் யாரோ.
மின்சாரம் போனால் எல்லாம் போச்சு,
இதில் எதையும் சேர்த்து வைக்க முடியாது.
கையில் ஏந்திக்கொள்ளலாம், அவ்வளவுதான்,
விழித்திருக்கும் வரை.

அப்புறம் வெளிச்சம். பதினாறு.

அன்றிரவு கோட்டைக் கதவு திறந்தது,
நான் உள்ளே.
தீப்பந்தம், படிக்கட்டு, பனி,
எல்லாம் ஒரே மூச்சில்.
திரும்பிப் பார்த்தால் ஹுயாக் வாசலில்
ஒரு காலைத் தூக்கியபடி.

அவனும் மெதுவாகத்தான் இருந்திருக்கிறான்.
என்னைவிடக் கொஞ்சம் குறைவாக மெதுவாக.

மிஞ்சிய பழைய எட்டை
சுரங்க பஸ்ஸில் அனுப்பிவிடலாமென்று
மூடியைத் திறந்து போட்டோ எடுக்கச் சொன்னேன்.
அனுப்பினான்.
அவனுடையது முந்தைய தலைமுறை,
காடி வேறு இடத்தில் வெட்டியிருக்கிறது.
சேராது.

இப்போது நான்தான் கேட்கிறேன்,
"வந்துட்டியா?"
"வர்றேன்."
நான்கு வினாடி.
உப்புப் போட்ட பால் தேநீர்
ஒரு மிடறு குடிக்கலாம்.
அவன் இத்தனை நாள் என்ன குடித்தான் என்று
கேட்க நினைக்கிறேன்,
அதற்குள் வந்துவிடுகிறான்.